கீழ்த்தட்டின் உயரம்

மகளின் புது வாடகை வீட்டு வெறுந்தரையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மரத்தூள் அதில் மினுங்குகிறது. மலிவாகக் கிடைத்த பலகைகளைக் கோத்து அவளுக்குப் புத்தக அலமாரி பூட்டிக்கொண்டிருக்கிறார் அப்பா. அளவுநாடாவைத் தொடாமலே, கை பழகிய கணக்கில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கீழ்த்தட்டை முடுக்குகிறார். "ஏம்பா இவ்வளவு உயரம்? ஒரு தட்டே வீணாப்போச்சே." "கீழ வச்சா தலை இடிக்கும்ல?" "யார் தலைப்பா?" திருப்புளி நின்றுவிடுகிறது. பழைய வீட்டு அலமாரிக்கு அடியில் பொம்மையோடு குடியிருந்த நாலு வயதுக்காரிக்கு இப்போது காதோரம் நரை. "கழட்டிடறேன்மா" என்று அசடு வழிகிறார். அவள் தரையில் படுத்து, உடம்பைக் குறுக்கி, தட்டுக்கு அடியில் நுழைகிறாள். கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. "இடிக்கலப்பா" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது.