மேற்குப் படத்தின் சூரியன்

"சந்தேகம் வந்தால் வெளிச்சத்தில் ஒரு படி கீழேயே நில், மேலே போனால்..." என்று கிழட்டுக் கேமரா ஒன்று அடிக்கடி சொல்லுமாம். மீதி யாருக்கும் நினைவில்லை.

ஒரு பௌர்ணமி மாலை, அது கடல்முனையில் நின்று மூன்று படங்கள் எடுத்தது. மேற்குப் படத்தில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அது கண்ணைக் கூசியதால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்ததில் அந்தப் படம் இருண்டுவிட்டது. கிழக்குப் படம் பளீரென்றிருந்தது. தெற்குப் படம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்றையும் ஒரே அகலப் படமாக ஒட்டும் மென்பொருளை அவை தையல்காரர் என்று அழைத்தன.

"இந்தக் கரிச்சட்டியோடு என்னைத் தைப்பீரா? முதலில் அதை என் வெளிச்ச அளவுக்கு ஏற்றும்," என்றது கிழக்கு.

தையல்காரர் ஏற்றினார். உருண்டைச் சூரியன் சுண்ணாம்பு கொட்டியதுபோல் பரவிக் கரைந்தது.

"ஐயா, போதும்! என்னிடம் இருப்பதே அது ஒன்றுதான்!" என்று அலறியது மேற்கு.

அவர் அதைப் பழையபடி ஆக்கிவிட்டு, கிழக்கின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்.

"என்னையா இறக்குகிறீர்? அடப் பாவி..." என்று தொடங்கிய கிழக்கு பாதியில் நின்றது. அதன் வெளிறிய வானத்தில், கடலுக்குச் சற்று மேலே, முழு நிலா தெரிந்தது.

"இது எப்போ வந்தது?"

"எடுத்தபோதே இருந்தது," என்றார் தையல்காரர்.

ஒரே கடலின் ஒரு கோடியில் சூரியன், மறுகோடியில் நிலா.

தையல்காரர் மூன்றுக்கும் மேற்குப் படத்தின் வெளிச்ச அளவையே வைத்தார்.