வேட்பாளருக்கு ஒரு இலை

இலை போட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வேட்பாளரைக் காணோம்.

ஐயம்பெருமாள் வீட்டுப் பட்டாசல் கூடத்தில் பாதித் தெரு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. தேங்காய்ப்பால் சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல் என்று கல்யாண வீட்டு மறுநாள் விருந்து மாதிரி தடபுடல். முதல் இலை மட்டும் காலி. அது வேட்பாளருக்காம்.

சித்ரலேகாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பாவின் பக்கத்து வீட்டு சேக் முகம்மது காலையில் போன் பண்ணியிராவிட்டால் அவளுக்கு விஷயமே தெரிந்திருக்காது.

"யம்மா, வேட்பாளர் சாப்பிட வாராருன்னு ஒங்கப்பா தெருவையே கூப்பிட்டிருக்காரு. கட்சி ஆபீஸ்ல விசாரிச்சா, அப்படி ஒண்ணும் இல்லைங்கான். என்னான்னு வந்து பாரும்மா. மனுசன் அவமானப்பட்டுரக் கூடாது."

திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு என்ன பெரிய தூரம்? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரே மகளுக்குப் பொங்கலுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் கால் எழுந்தது.

அப்பாவை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவரு வாரேன்னு ஒங்ககிட்ட யாருப்பா சொன்னா?"

"அவரேதான். போன்ல. 'ஐயம்பெருமாள் அண்ணாச்சி, சுகமா இருக்கீங்களா'ன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. பிரம்மநாயகி அம்மா தவறிட்டாங்களாமே, மனசு கேக்கலன்னாரு. அவங்க கைச் சொதியைச் சாப்பிட எனக்குக் குடுத்து வைக்கலன்னாரு. ஒங்கம்மா சொதி வைக்கது அவருக்கு எப்படிட்டி தெரியும்?"

"நீங்கதான் தினமும் பேஸ்புக்ல எழுதுதீங்களே."

"அப்ப படிச்சிருக்காரு பாரு." அப்பா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஒருநாள் வீட்டுக்கு வாரேன், எனக்கும் ஒரு இலை போடுங்கன்னாரு. என்னைக்குன்னு கேட்டேன், சத்தத்தைக் காணோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்கன்னு அந்த நம்பருக்கு மெசேஜ் போட்டேன். நன்றின்னு பதில் வந்துச்சு. வாரேன்னு சொன்ன மனுசனுக்கு இலை போடாம இருக்க முடியுமா?"

"அது அவரே இல்லப்பா."

"பின்னே யாரு?"

"அவரு குரல்ல கம்ப்யூட்டர் பேசுது. நாம எழுதுததை எல்லாம் எடுத்து, எங்கனயோ போன் நம்பரையும் வாங்கி, யாருக்கு எதைச் சொன்னா மனசு இளகும்னு பாத்துப் பேச வைக்காங்க. எல்லாம் ஓட்டுக்குத்தான். தொகுதி பூரா இதே குரல் போயிருக்கும்."

"எல்லாருக்கும் சொதியைப் பத்தியா?"

"இல்லப்பா. அவங்கவங்களுக்கு எது வலிக்கோ அது."

ஐயம்பெருமாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒனக்கு எப்படிட்டி இதெல்லாம் தெரியும்?"

"கம்ப்யூட்டர் ஆபீஸ்லதானே இருக்கேன். தெரியாதா?"

"அவரு சத்தம் நின்ன பொறவும் நான் பேசிக்கிட்டேதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில ஒங்கம்மா என்னைத் தேடினது, நான் காப்பி குடிக்கப் போயிருந்தது, எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டு இருக்காருன்னு நெனச்சேன்."

சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லவில்லை. கோபம்தான் வந்தது அவளுக்கு.

"முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் இதமா ரெண்டு வார்த்தை பேசினா நம்பிருவீங்களா? சர்க்கார் உத்தியோகம் பாத்த மனுசன். இப்படி ஊர் சிரிக்க வச்சிட்டீங்களேப்பா."

பட்டாசலில் ஒருவர் சத்தமாகக் கேட்டார். "என்ன வே, வேட்பாளரு ரயிலைத் தவற விட்டுட்டாரோ?" நாலு பேர் சிரித்தார்கள். "பைய இரும் வே" என்று சேக் முகம்மது அடக்கினார்.

ஐயம்பெருமாள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அவருக்குத் திடீர்னு ஒரு சோலி வந்துட்டாம். வர முடியலன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. நீங்க சாப்பிடுங்க."

பொய் என்று எல்லாருக்கும் தெரியும். சேக் முகம்மது முதல் ஆளாகச் சோற்றில் கை வைத்தார். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள், அது சிரிப்பை விட மோசமாக இருந்தது.

"அந்த இலையில நீ உக்காரு" என்றார் அப்பா மகளிடம். "இங்கன சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு."

உட்கார்ந்தாள். அவரே சொதியை ஊற்றினார்.

"ஏட்டி, நான் எழுதினதையும் கம்ப்யூட்டர்தான் படிக்குமா?"

"இல்லப்பா. மொதல்ல ஆளுங்கதான் படிப்பாங்க. சம்பளத்துக்கு."

"ஒண்ணு விடாமயா?"

"ம்."

"நான் எழுதுததை ஒரு நாதி சீண்டாது. ஒனக்கும் ஆயிரம் வேலை, பாக்க முடியாது. யாரு பெத்த புள்ளையோ, ஒக்காந்து பூராவும் படிச்சிருக்கு பாரு. சம்பளத்துக்குன்னாலும் படிச்சிருக்குல்லா. நல்லா இருக்கட்டும்."

சித்ரலேகா எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தாள்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் ஆபீஸில் அப்பாவின் பேஸ்புக் பக்கம் அவள் கம்ப்யூட்டருக்கு வந்த அன்று, இவர் ஓட்டு எங்கே மாறப்போகிறது என்ற அலட்சியத்தில், வழக்கம்போல ஒரே வரியில் அவள் தட்டிவிட்டது இதுதான்: 'மனைவி இறந்தவர், ஒரே மகள் எட்டிப் பார்ப்பதில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன் என்றால் போதும்.'