ஒரு பொந்துக்கு இரண்டு வக்காலத்து

வேப்பமரப் பொந்து யாருக்கு என்று அணிலுக்கும் மைனாவுக்கும் வழக்கு. அந்தத் தோப்பில் காக்காய்கள் மட்டும்தான் வக்கீலாகலாம், கறுப்பு அங்கியோடே பிறந்தவை அல்லவா. கரியமாணிக்கம் என்ற காக்காய் அணிலிடமும் வக்காலத்து வாங்கியது, மைனாவிடமும் வாங்கியது. பொந்து மைனாவுக்குப் போயிற்று. குட்டிகளோடு நடுத்தெருவில் நின்றபோதுதான் அணிலுக்கு விஷயம் தெரிந்தது. மூன்று கிழட்டுக் காக்காய்கள் உட்கார்ந்திருந்த ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டியில் போய்ப் புகார் கொடுத்தது.

"உன் சார்பில் பேச வக்கீல் எங்கே?" என்று கேட்டது கமிட்டி.

ஒரு காக்காய்க்கு எதிராக இன்னொரு காக்காய் வருமா? கடைசியில் கரியமாணிக்கமே எழுந்தது. "பாவம், அணிலம்மாவுக்கு நானே ஆஜராகிறேன்."

வந்ததோடு நிற்காமல் தன்னைத்தானே வெளுத்து வாங்கியது. "இவனெல்லாம் ஒரு வக்கீலா?" என்று எதிரே காலியாக இருந்த கிளையைப் பார்த்துக் கத்தியது. பிறகு அந்தக் கிளைக்கே பறந்து போய், "ஐயா, நான் பிள்ளைகுட்டிக்காரன்" என்று அழுதது. கமிட்டிக்கும் கண் கலங்கிவிட்டது.

கரியமாணிக்கம் குற்றவாளி என்றும், மே மாதம் முழுக்க அது கோர்ட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்றும் தீர்ப்பு வந்தது.

அணிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஜெயிச்சிட்டோம் வக்கீல் சார். இனிமே பொந்து எனக்குத்தானே?"

"அதுக்குத் தனியா அப்பீல் போடணும். மே மாசம் கோர்ட்டுக்கே லீவு, ஜூன்ல பார்த்துக்கலாம்" என்று கரியமாணிக்கம் ஒரு வக்காலத்துத் தாளை நீட்டியது. "இப்பவே கையெழுத்துப் போட்டுடுங்க. மைனா காலையிலேயே வந்து போட்டுட்டுப் போயிடுச்சு."