ஒட்டு வேகும் நேரம்

திண்டிவனத்துக்குத் தெற்கே, உச்சிவெயிலில் பஸ் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. பஞ்சரான டியூபில் போட்ட ஒட்டைக் கவ்வியிருக்கும் சூடான இரும்புப் பிடியையே டிரைவர் தாண்டவராயன் பார்த்துக்கொண்டிருக்கிறான். முந்தி எடுத்தால் ரப்பர் பிசினாய் நழுவும். பிந்தினால் காய்ந்த தோலாய் உரியும். யுத்தகாலம், மாற்று டியூப் கிடையாது. பஸ்ஸுக்குள் அம்சாவுக்குப் பிரசவ வலி. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபது மைல். "ஜல்தி எடுண்ணே! டியூபுக்குத் தாலாட்டா பாடிக்கினு கீற?" என்று அவள் புருஷன் மாரியப்பன் கத்துகிறான். "இப்ப எடுத்தா விக்கிரவாண்டியில புட்டுக்கும்ப்பா." மறுபடியும் அவள் அலறல். தாண்டவராயனின் கை தானாகப் பிடியின் திருகுக்குப் போகிறது. ஓரத்தில் பிதுங்கிய ரப்பரை நகத்தால் அழுத்துகிறான். குழி அப்படியே நிற்கிறது, இன்னும் வேகவில்லை. ஜன்னல் கம்பியைப் பற்றிய அம்சாவின் விரல்கள் வெளுத்திருக்கின்றன. "நல்லா வேவட்டும்ணே," என்கிறாள், "நான் பொறுத்துக்கிறேன்." அவன் திருகிலிருந்து கையை எடுக்கிறான்.