அரக்கனுக்கு நைட் டூட்டி

"அரக்கனையா? ராஜகுமாரன் குதிரையோட வாசல்ல வந்து நிக்கிறான். அவன வேணாம்னுட்டு அரக்கனையா கட்டிக்கிறேன்றா?"

செண்பகம் கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

கண்ணையன் வீட்டுக் களத்தில், புங்கமரத்து நிழலில் கூலிக்கு விதை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். மெஷினில் போட்டால் வேர்க்கடலைப் பருப்பு பிளந்துவிடும், விதைக்கு ஆகாது. கையால்தான் உரிக்க வேண்டும். ஜெசிந்தாவுக்கு மட்டும் அந்த வேலை இல்லை. தினமும் போனில் வரும் 'நீலமலை ராஜ்ஜியம்' தொடர்கதையை அவள் உரக்கப் படிக்க வேண்டும். அவள் பங்கை அம்மா ஜெயமும் பக்கத்து வீட்டுச் செண்பகமும் உரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

"ஆமாக்கா. எனக்குக் கருஞ்சிறகன்தான் வேணும்னு இளவரசி தாரகை சபையிலயே சொல்லிட்டா," என்றாள் ஜெசிந்தா.

போனில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஒரு வாரமாகவே அவள் போனைப் பார்த்தபடி சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை வானூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அவள் மனசிலோ திண்டிவனத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டும் பிரவீன்குமார். அவன் சாமி வேறு, சாதி வேறு. அம்மாவிடம் நேராகச் சொல்ல நாக்கு எழவில்லை. கதையில் தாரகை செய்தது சரிதான் என்று அம்மா வாயால் வந்துவிட்டால், அந்தச் சூட்டோடு தன் கதையையும் சொல்லிவிடலாம். அம்மா தலையாட்டினால் அப்பாவும் ஆட்டிவிடுவார்.

ஆனால் அம்மா குனிந்த தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்தவள்தான். நீயே படியேன் என்றால், போனில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, கண்ணு வலிக்கிறது என்பாள்.

"நீ இன்னாக்கா சொல்ற? இவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சா இல்லியா?" என்று செண்பகம் அவளைக் கிளப்பினாள்.

ஜெயம் தோலை ஊதித் தள்ளினாள். "இருடி. அந்த அரக்கனுக்கு வேலை இன்னா?"

ஜெசிந்தா போன் திரையைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். "அது வந்து... காட்டுல எவனாவது அடிபட்டுக் கெடந்தா, முதுகுல ஏத்திக்கினு பறந்துபோய் வைத்தியர்கிட்ட சேர்ப்பான். முக்கால்வாசி நைட் டூட்டி."

"அரக்கனுக்கு நைட் டூட்டியா?" என்றாள் செண்பகம்.

"கதையில அப்படித்தான் போட்டிருக்குதுக்கா."

"நல்ல வேலைதான், புண்ணியம்," என்றாள் ஜெயம். "குடிப்பானா?"

"தொடமாட்டான். குடிச்சிட்டுப் பறந்தா வுழுந்துடுவான் இல்ல?"

"மாமியாக்காரி இருக்காளா?"

"இருக்காங்க. பாவம், முட்டி வலி."

"அரக்கிக்கு முட்டி வலியா?" செண்பகம் மரத்தில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஆயிரம் வயசாச்சுக்கா. இருக்காதா?"

ஜெசிந்தாவுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்ததை முறத்தில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அவங்க சாமி வேறயாச்சே. கட்டிக்கினு போனப்பறம் இவள மாறச் சொல்வானா?"

ஜெசிந்தாவின் சிரிப்பு பட்டென்று நின்றது. திரையில் விரலை மேலும் கீழும் தள்ளி, தேடுவதுபோல் நடித்தாள். "சொல்லமாட்டான். உன் சாமி உனக்கு, என் சாமி எனக்குன்னு அவனே சொல்லியிருக்கான்."

"வாக்கு மாறமாட்டானே?"

"மாறமாட்டாம்மா," என்றாள் ஜெசிந்தா.

ஜெயம் முறத்தை ஒருமுறை புடைத்தாள். "அப்ப தாரகை பண்ணது சரிதான். குதிரைய வெச்சிக்கினு இன்னா பண்றது?"

"போக்கா, நீயும் அவளோட சேந்துக்கினியா? ராஜகுமாரன் பேஜாராயிடுவான் பாவம்," என்று செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறு நிமிஷமே, "நாளைக்கு ஜல்தியா வந்து படிடி. கல்யாணத்துல இன்னா ரகளையோ," என்றாள்.

ஜெசிந்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை முடிந்து வரப்பில் வீட்டுக்குத் திரும்பும்போது, அம்மாவின் பின்னால் நடந்தபடி மனசுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்த்தாள். பதினோராவது தடவை வாயைத் திறந்தாள்.

"அம்மா... ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"நான் ஒண்ணு சொல்லிடறேன் முதல்ல," ஜெயம் திரும்பிப் பார்க்காமலே நடந்தாள். "வானூர்காரங்கள வர வேணாம்னு, வரன் கொண்டாந்த உங்க அத்தைகிட்ட சொல்லிடப் போறேன்."

ஜெசிந்தா அப்படியே நின்றுவிட்டாள். "ஏம்மா?"

"நாள் முச்சூடும் பொறுக்கமாட்டாம, நானும் என் போன்ல அந்தக் கதைய ஏத்தி, எழுத்தப் பெருசு பண்ணிக் காலையிலயே படிச்சிக்கினு இருக்கேன். அதுல தாரகை ராஜகுமாரனக் கட்டிக்கினு, அரக்கன் செத்தும் ஒரு வாரம் ஆவுது," என்றாள் ஜெயம். "உன் அரக்கன ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லு, மீன் கொழம்பு வெச்சா சாப்புடுவானா, இல்லியா?"