ஏழாம் எண் பேட்டி

குடும்பத் தலைவிகளைப் பற்றிய என் ஆய்வைப் புரட்டிய பேராசிரியர் ஓரிடத்தில் நின்றார்.

"இந்த ஏழாம் நம்பர் யாரும்மா? இருபத்தாறு வருஷமா புருஷன் முகம் குடுத்தே பேசலையாம். நம்புற மாதிரியா இருக்கு?"

"பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

"அப்போ நீயே கதை விட்டிருக்கே. அவங்க கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தைக் காட்டு. இல்லேன்னா அடிச்சிடு."

கடிதம் என் பையில்தான் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

அவருடைய போன் அடித்தது. "வேலையா இருக்கேன், வை!" என்று துண்டித்தார்.

"வீட்லேர்ந்துதான். பொழுது போகலைன்னா உடனே போன்," என்று சலித்துக்கொண்டு பேனாவை நீட்டினார்.

வாங்கி, அவர் மனைவி சொன்னதையெல்லாம் அவர் கண்ணெதிரிலேயே வரி வரியாக அடித்தேன்.