சார்ஜ் இறங்கும்வரை

சக்கர நாற்காலி கவுன்டருக்கு நேராக வந்து நின்றது. விமானச் சரக்கு அலுவலகக் குமாஸ்தா எழுந்து வெளியே வந்து, அதில் இருந்தவரின் கையிலேயே படிவத்தைக் கொடுத்தார்.

“எதை அனுப்பணும் சார்?”

“இந்த வண்டியைத்தான். இன்னைக்கு ஃபிளைட்லயே போயாகணும். திங்கட்கிழமை அங்கே பள்ளிக்கூடம் திறக்குது. இது போய்ச் சேரலைன்னா ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடமே கிடையாது.”

குமாஸ்தா கைப்பிடியில் இருந்த சிறு திரையைப் பார்த்தார். நாற்பத்தொரு சதவீதம். முகம் சுருங்கியது.

“இந்த மாசத்திலிருந்து புது விதி சார். பேட்டரி வண்டி விமானத்துல ஏறணும்னா சார்ஜ் முப்பதுக்கு மேல இருக்கக் கூடாது. நாலு மணிக்குள்ள இறக்கிட்டீங்கன்னா ஏத்திடறேன்.”

மணி மூன்றேகால்.

“ஏத்தச் சொன்னா பிளக்கைத் தேடலாம். இறக்கச் சொன்னா எங்கே சார் போறது?”

“மேட்டுல ஓட்டுங்க வாத்தியாரே! சரசரன்னு இறங்கும்” என்று குரல் கொடுத்தார் சுமை ஏற்றும் மேஸ்திரி.

வண்டியில் இருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேஸ்திரி வண்டியைத் திருப்பிவிட்டார்.

லாரிக்குச் சரக்கேற்றும் சரிவில் வண்டி மேலும் கீழுமாக ஓடியது. பாரம் கூடட்டும் என்று மடியில் இரண்டு பார்சல்களை வைத்தார்கள். ஒருவர் விளக்கைப் போடச் சொன்னார், இன்னொருவர் ஹாரனை விடாமல் அடிக்கச் சொன்னார்.

குமாஸ்தா பக்கத்திலேயே நடந்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

“வண்டியை அனுப்பிட்டு நீங்க எப்படி சார் வீட்டுக்குப் போவீங்க?”

“பஸ்லதான். ஓடிப்போய்ப் பிடிச்சா நாலேகால் பஸ் கிடைக்கும்.”

இந்த நிலையிலும் கிண்டல்! குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முப்பத்தேழு. முப்பத்து மூன்று. ஆட்கள் வேலையை விட்டுவிட்டு, ஏலம் கூவுவதுபோல் எண்ணைக் கூவினார்கள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் திரையில் முப்பது விழுந்தது. கூடமே கைதட்டியது.

“சார்ஜ் போனதுக்குக் கைதட்டுற கூட்டம் உலகத்துலயே நம்மதுதான்டா” என்றார் மேஸ்திரி.

குமாஸ்தா தன்னுடைய நாற்காலியையே உருட்டிக்கொண்டு வந்தார். நான்கு பேர் சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

“மெதுவாத் தூக்குங்கப்பா. வாத்தியாருக்கு வலிக்கப்போகுது.”

வண்டியில் இருந்தவர் தன் மடியில் இருந்த பார்சல்களை மேஸ்திரியிடம் கொடுத்தார். எழுந்தார். காலை உதறிவிட்டு, குனிந்து இருக்கையை மடக்கினார்.

நீட்டிய எட்டுக் கைகளும் அப்படியே நின்றன.

“வாத்தியார் நான் இல்லைங்க, என் சம்சாரம்.”